குதிகால் உயர்ந்த செருப்பு

22-8-2009, சனி

காலையிலிருந்து தூறல். எங்கள் செம்மண்டலம் தெருவெல்லாம் சேறு. தங்கச்சி மகள் செல்வி கல்யாணத்துக்கு வாங்கிய புது ஷூவைப் போட்டு நடந்து பழகினேன். தோல் ஷூ, பின்பக்கம் பலகை மாதிரி விறைப்பு. வலது குதிகாலுக்கு மேலே அந்தத் தடித்த நரம்பு வீங்கிவிட்டது. டீக்கடையில் நொண்டியதைக் கவனித்துவிட்டார்கள். பீச்சில் தினம் ஓடுகிறேன், அதனால்தான் என்றேன். ஒரு காலத்தில் மாவட்டமே என் பின்னால் ஓடியதையும் சொன்னேன்.

"எதுக்கு மாமா, எதயாச்சும் தூக்கிக்கினு ஓடினீங்களா?" என்றான் டீ மாஸ்டர். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

பால் வாங்க மறந்தாச்சு.

24-8, திங்கள்

பஸ்ஸில் சிதம்பரம். ஆஸ்பத்திரி. கூட்டம் ஜாஸ்தி. பிசியோதெரபி பார்க்கிற பொண்ணு என் ஷூவைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தது. வளையவில்லை.

"அது நரம்பு இல்லீங்கய்யா, தசைநாரு. இந்த ஷூ பின்னாடி ஒசரமா இருக்குது, ஒவ்வொரு அடிக்கும் அதப் போய் அழுத்துது. ரப்பர் செருப்பு ஒரே தட்ட, குதிகால் கீழ எறங்கி இழுக்குது. பின்னாடி மெத்துன்னு, குதிகால் கொஞ்சம் ஒசந்த மாதிரி போடுங்க. வெறுங்கால்ல மட்டும் நடக்காதீங்க, அறுந்துடும்."

சுவரில் கை ஊன்றிக் காலை நீட்டும் பயிற்சி சொல்லிக் கொடுத்தது.

"வீட்ல யாராச்சும் இருக்காங்களா, சரியா செய்றீங்களான்னு பாக்க?"

கூட்டமே இருக்கிறது என்றேன். மாடி அறையில் நானும் ஒரு பல்லியும்.

27-8, வியாழன்

செருப்புக்கடை. ஆம்பளை செருப்பெல்லாம் தட்டை. மூலையில் ஒன்று, நான் கேட்ட மாதிரியே.

"மாமா, அது லேடீஸ் மாடலு."

"தெரியும். பெரிய சைஸ் எடு."

போட்ட உடனே பாதி வலி போச்சு. தெருவில் கேட்டவர்களுக்கு: சிங்கப்பூர் சரக்கு, பெரிய டாக்டர் எனக்கென்று எழுதி வரவழைத்தது.

சாயங்காலம் சுவர்ப் பயிற்சி. போதும் என்று சொல்ல ஆளில்லாததால் ரொம்ப நேரம் செய்துவிட்டேன்.

30-8, ஞாயிறு

தங்கச்சி போன். கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் சீர்த்தட்டு ஊர்வலம். செருப்புப் போடலாமா என்று லேசாகக் கேட்டேன்.

"தாய்மாமன் தட்ட ஏந்திக்கினு செருப்போட வந்தா ஊரு சிரிக்கும்ணா. நீ கார்ல வந்துடு. பொண்ண மேடைக்கு அழச்சிக்கினு போறப்ப மட்டும் நடந்தாப் போதும். முடியலன்னா சொல்லு, நம்ம பெரியப்பா மவன் குமாரு நிப்பான். அவனும் மாமன் மொறதானே."

குமாரா! தீமிதியில் மூன்று முறை போய் வந்த கால் இது என்றேன். (ஒரு முறை. அதுவும் ஓரமாக.) எனக்குப் பெண்டாட்டியும் இல்லை, பிள்ளையும் இல்லை. செல்வி கையைப் பிடித்து மேடை ஏற்றுவது ஒன்றுதான் எனக்கென்று இருப்பது. அதைப் போய்...

2-9, புதன். சிதம்பரம்

மண்டபத்தில் சாமான் அறை. காலில் ஐஸ். பந்தி நடக்கிறது, சத்தம் கேட்கிறது.

காலையில் கோயிலுக்கே காரை அனுப்பியிருந்தார்கள். மாமன் காரில் வருவதா என்று திருப்பி அனுப்பினேன். செருப்பைக் கோயில் வாசலில் விட்டேன். நல்ல மேளம். முன்வரிசையில் நான். நடையில் ராஜா மாதிரி இருந்தேன் என்று யாரோ சொன்னார்கள். யாரும் சொல்லவில்லை, ஆனால் இருந்தேன்.

செல்வி கையைப் பிடித்தேன். மேடைக்கு முதல் படி. பின்னாலிருந்து யாரோ கட்டையால் அடித்த மாதிரி இருந்தது. திரும்பினால் ஒருவரும் இல்லை. வலது கால் பாதம் என் பேச்சைக் கேட்கவில்லை.

"அண்ணா, முகூர்த்தம் போவுது!" என்றாள் தங்கச்சி. குமார் வந்து செல்வி கையை வாங்கிக்கொண்டான்.

தம்பிக்கும் ஒரு சந்தர்ப்பம் கொடுப்போமே என்றுதான் விட்டேன், இப்படித்தான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். நம்பினார்கள்.

மேடை ஏறும்போது செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று தடவை.

ஒரு தடவை.