கருஞ்சிவப்பு விரிப்புகள்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் வேண்டும். சுகம்தான், கொஞ்சம் அலுத்துப்போன சுகம். போனில் பேசினால் நீ "அப்புறம் பேசுறேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாதே. அதனால்தான் பார்சலுக்குள் எல்லாவற்றுக்கும் மேலே இதை மடித்து வைத்திருக்கிறேன். அடியில் இருப்பதைப் பிரிப்பதற்கு முன் இதைப் படித்து முடி.

குழாய் பதிக்கிறோம் என்று நம் கடைத்தெருவைத் தோண்டிப் போட்டு மாதக்கணக்காகிறது. புழுதியெல்லாம் என் தலையணை உறைகள் மேல்தான். வருகிற நாலு பேரும் துணியைத் தடவிப் பார்த்து, மூக்கைச் சுளித்து, செல்போனில் வேறு கடையின் விலையைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். உன் மாமா கல்லாவில் உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிவிட்டார். யாராவது பேரம் பேசினால் அந்தத் தூக்கத்திலும் தலை மட்டும் முடியாது என்று ஆடுகிறது. வியாபாரத்துக்கு அது நல்லதுதான். எனக்கு முழங்கால் வலி. மேல்தட்டுச் சரக்கை எடுக்க ஏணி ஏறுவதை விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரிகளுக்குப் போடும் விரிப்புகள்தான் இப்போது வீட்டைத் தாங்குகின்றன.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் போனில் என்ன சொன்னாய்? "ரத்தப் பரிசோதனையில வைட்டமின் டி ரொம்பக் கம்மின்னு வந்துச்சுக்கா. அதைச் சாப்பிட ஆரம்பிச்சதும் வயிறு அமைதியாயிடுச்சு. குடல் மாத்திரை எல்லாத்தையும் நிறுத்திட்டேன், இது ஒண்ணே போதும்" என்றாய். "நீதான் எதையும் மொத்த விலையில வாங்குற ஆளாச்சே, ஒரு பெட்டி அனுப்பேன்" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். தம்பி தேறிவிட்டான் என்று அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

இந்த வாரம் உன் ஆர்டர் வந்தது. கட்டில் விரிப்பு, துண்டு, எல்லாமே கருஞ்சிவப்பில் வேண்டும், இல்லாவிட்டால் கறுப்பில். வெளிர் நீலத்தைத் தவிர வேறெதிலும் படுக்கமாட்டேன் என்று அடம்பிடித்தவன் நீ. தம்பி, நான் துணி மூட்டையைச் சுமந்து வீடு வீடாக விற்று இந்தக் கடைக்கு வந்தவள். யார் எதற்காக எந்த நிறம் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அழுக்கை மறைக்க நினைப்பவர்கள் பழுப்பு கேட்பார்கள். கருஞ்சிவப்பு கேட்பவர்கள் எதை மறைக்கிறார்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

சரக்கு இறக்கப் போன ஆஸ்பத்திரியில், குடல் டாக்டரம்மாவின் அறை வாசலில் சீட்டுப் போட்டு உட்கார்ந்தேன். "உங்களுக்கு என்னம்மா பிரச்சினை?" என்றார். "தம்பி" என்றேன். சிரித்துவிட்டு, பொறுமையாகச் சொன்னார். எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். எதிர்ப்புச் சக்தி என்பது கடை வாசலில் நிற்கும் காவலாள் மாதிரி. உன் குடலில் அவன் திருடனை விட்டுவிட்டுக் கடைச் சுவரையே இடிக்கிறான். அந்தப் புண்தான் உன் நோய். "போதும், விடு" என்று அவனை அடக்கிவைப்பவற்றில் வைட்டமின் டியும் ஒன்று. குடலின் உட்சுவர் உறுதியாக இருக்கவும் அது வேண்டுமாம். அது குறைந்தவர்களுக்கு நோய் திரும்பக் கிளம்புவது அதிகம் என்று பார்த்திருக்கிறார்களாம்.

அது குறைந்ததால் நோய் முற்றுகிறதா, நோயால் அது குறைகிறதா என்று கேட்டேன். புண்பட்ட குடல் அதைச் சரியாக உறிஞ்சுவதில்லையாம், நோயாளியும் வெயில் பக்கம் போவதில்லையாம். "ரெண்டும் இருக்கலாம்மா, இன்னும் முடிவா சொல்ல முடியல" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவரிடம்தான் நான் சரக்கு வாங்குவேன். அதனால் அடுத்து அவர் சொன்னதையும் நம்பினேன். "கம்மியா இருந்தா நாங்களே குடுப்போம். ஆனா அது மாத்திரைக்குத் துணைதான், அதை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது. அளவு மீறினா சிறுநீரகத்துக்கும் கேடு" என்றார்.

முன்பு ஒருமுறை நம் கடையில் புது விற்பனையாளர் சேர்ந்த மாதம் வியாபாரம் ஏறியது. அதற்காகப் பழையவரை வீட்டுக்கு அனுப்பினேனா? நீ அதைத்தான் செய்திருக்கிறாய். பழைய மாத்திரை செய்துவைத்த வேலைக்குப் புதியவனைப் பிடித்து மாலை போட்டாய்.

திட்டவில்லையடா. உனக்கும் அலுத்திருக்கும். சூரியனே தெரியாமல் தரைக்குக் கீழே ஒரு தளத்தில் கம்ப்யூட்டர்களோடு நாள் முழுக்க வேலை. கூட்டத்தின் நடுவே எழுந்து ஓட வேண்டும். எங்கே ஓடுகிறாய் என்று யாருக்கும் சொல்ல முடியாது. கைநிறைய மாத்திரையைச் சக ஊழியர் கண்ணில் படாமல் விழுங்க வேண்டும். ஒரு சின்ன உருண்டை போதும் என்று யாராவது சொன்னால் யாருக்குத்தான் ஆசை வராது? எனக்கு முழங்காலுக்கு அப்படி ஒன்று கிடைத்தால் நானும் வாங்குவேன்.

நீ கேட்ட கருஞ்சிவப்பு கடையில் நிறையவே இருக்கிறது. அனுப்பவில்லை. வைட்டமின் பெட்டியும் அனுப்பவில்லை. இந்தக் கடிதத்துக்கு அடியில் இருப்பது எல்லாம் வெள்ளை, ஆஸ்பத்திரிக்குப் போடும் அதே ரகம். அவர்கள் ஏன் வெள்ளை கேட்கிறார்கள் தெரியுமா? கறை பட்டால் உடனே கண்ணில் பட வேண்டும் என்று.

நாளைக்கே உன் டாக்டரிடம் போ. நிறுத்தியதையும் சொல், ரத்தம் போவதையும் சொல். அவர் தருவதைச் சாப்பிட்டுவிட்டு இந்த வெள்ளையில் படு. தனியாகப் போக முடியாவிட்டால் ஒரு வார்த்தை சொல், நான் புறப்பட்டு வருகிறேன். கடையை உன் மாமா தூங்கிக்கொண்டே பார்த்துக்கொள்வார். துவைக்கவும் எனக்குத் தெரியும். உன் துணியைத் துவைப்பது எனக்கொன்றும் புதிதில்லை.

வெள்ளை வெள்ளையாகவே இருக்கட்டும். அடுத்த தடவை வெளிர் நீலம் கேட்டு எழுது, தம்பி. அந்த ரகத்தில் நல்லதாக ஒன்றை விற்காமல் எடுத்து வைத்திருக்கிறேன்.

நீ நன்றாயிருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் கேட்கத் தெரியாத,
உன் அக்கா