அவுட்புட் காலி

12 டிசம்பர் 2020, சனி

வடக்கனந்தலிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு பஸ் இல்லை. எங்கோ மறியலாம். யார் பைக்கிலோ தொற்றிக்கொண்டு, நான் வேலை பார்க்கும் ஜான் பாஷா ரிப்பேர் கடைக்குப் போனேன். இன்று இரண்டு போன், ஒரு பிரிண்டர் ரிப்பேர். பி.இ. முடித்தவன் சிக்கிய காகிதத்தை உருவிக்கொண்டிருக்கிறேன்.

“தம்பி, இங்கியே பர்மனென்டா இருந்துடு. சம்பளம் ஜாஸ்தி பண்றேன்” என்றார் பாய். நல்ல மனுஷன். அதுதான் பயமாக இருக்கிறது.

திங்கட்கிழமை பெங்களூர் கம்பெனியின் தேர்வு, வீட்டிலிருந்தே. இது கிடைத்தால் கடையை விடலாம். இல்லையென்றால் பாய் சொன்னதுதான்.

14 டிசம்பர், திங்கள்

ப்ரோகிராம் எழுதும் எடிட்டரோடு சேர்த்துக்கொள்ள அவர்களே ஒரு ப்ளக்-இன் கொடுத்தார்கள். மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி பெயர் வைத்து ஒரு ஃபோல்டர் திற என்றார்கள். திறந்தேன். ப்ரோகிராம் எழுதி பட்டனை அமுக்கினால் மறைவாக வைத்திருக்கும் ஐந்து சோதனைகள் ஓடி, பலன் கீழே ஒரு பெட்டியில் வர வேண்டும். அதுவேதான் அவர்களுக்கும் போகும்.

பெட்டி வெள்ளையாக இருந்தது. மறுபடி அமுக்கினேன். வெள்ளை.

கமாண்ட் ஓடுகிறது, அவுட்புட் மட்டும் வரவில்லை. அவர்கள் கொடுத்த மாதிரிக் கணக்குகளை வெளியே கறுப்புத் திரையில் ஓட்டினால் எல்லாம் சரி. நேரம் முடிந்தது. அனுப்பிவிட்டேன்.

15 டிசம்பர்

என்னோடு படித்த சின்னதுரையும் அதே தேர்வை எழுதினான். அவனுக்குப் பெட்டியில் எல்லாம் வந்ததாம். முதலில் இரண்டு சிவப்பு, பிறகு திருத்தினானாம். திருத்திவிட்டு நேராக வி.ஏ.ஓ. ஆபீஸ் முன்னால், அவர்கள் சாதிக்குத் தனி இடஒதுக்கீடு கேட்கும் போராட்டத்துக்குப் போய்விட்டான். கம்பெனிக்காரன் சாதி கேட்கப்போவதில்லை, திறமையைத்தான் பார்ப்பான், பிறகு எதற்கு ரோட்டில் உட்காருகிறாய் என்று கேட்டேன்.

“உனுக்கின்னா மச்சான், பி.சி.ல ஜம்முனு கீற” என்றான்.

ஜம்முனு. சர்ச்சுக்குப் போனதும் எங்கள் எஸ்.சி. சர்டிபிகேட் பி.சி.யாக மாறிவிட்டது. தெரு மட்டும் அதே தெரு. இதை அவனிடம் சொல்லவில்லை.

19 டிசம்பர், சனி

மெயில். ‘அவுட்புட் சமர்ப்பிக்கப்படவில்லை. மதிப்பெண் பூஜ்யம்.’

என் ப்ரோகிராம் சரி, உங்கள் ப்ளக்-இன்தான் தப்பு என்று உடனே எழுதினேன். மற்ற யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லை, நிரூபித்தால் பரிசீலிப்போம் என்று பதில். இன்னாத்த நிரூபிக்கறது? வராத ஒன்றை எப்படிக் காட்டுவது?

23 டிசம்பர்

ஆன்டிவைரஸை அணைத்தேன். எடிட்டரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். தேர்வு முடிந்ததால் அந்த ஐந்து சோதனைகள் இனி திறக்காது, பயிற்சி ஓட்டம் மட்டும்தான். அதில் ‘வணக்கம்’ என்று ஒரு வரி அச்சிடச் சொன்னேன். வெள்ளை. கடைக் கம்ப்யூட்டரில் ‘கடை’ என்று ஒரு ஃபோல்டர் திறந்து ஓட்டினால் அதே வரி பளிச்சென்று வந்தது. அப்போ என் லேப்டாப்பில்தான் ஏதோ. என்ன?

கடைசி வருஷம் படிக்கும் தங்கச்சி செலினா லேப்டாப் கேட்டாள். கத்திவிட்டேன்.

25 டிசம்பர்

பூசை. கேக். சித்தப்பா வேலை என்னாச்சு என்றார். சாப்பிட்டுத் தூங்கிவிட்டேன்.

30 டிசம்பர், புதன்

பிடித்துவிட்டேன்.

ப்ளக்-இன்னின் ப்ரோகிராமைத் திறந்து வரி வரியாகப் படித்தேன். அவுட்புட்டை நம் ஃபோல்டருக்குள் ஒரு ஃபைலில் எழுதி, பிறகு அதை எடுத்துப் பெட்டியில் காட்டுகிறது. அந்த ஃபோல்டரின் பெயரை மேற்கோள் குறிக்குள் போடவில்லை. அவ்வளவுதான். பெயருக்கு நடுவில் இடைவெளி இருந்தால் அந்த இடத்தோடு அறுந்துவிடும். என் ஃபோல்டர் ‘டேவிட் எஸ்’. மதிப்பெண் பட்டியலில் அப்பா சவரிமுத்துவின் எழுத்து என் பெயருக்குப் பின்னால்தான் இருக்கிறது. அவுட்புட் வெளியே, ‘டேவிட்’ என்ற பெயரில், ஒட்டும் உறவும் இல்லாத ஒரு ஃபைலில் கொட்டியிருக்கிறது. சின்னதுரை, கம்பெனி சொன்னதைக் கேட்காமல் இனிஷியலை விட்டுவிட்டு வெறும் பெயரை அடித்திருக்கிறான். கேட்டவன் நான்.

அந்த ஃபைல் புதிய ஓட்டத்தில் அழிந்திருக்கும். ஆனால் எடிட்டரை அழிப்பதற்கு முன் டிரைவ் முழுவதையும் ஒரு நகல் எடுத்திருந்தேன். நகலில் 14ஆம் தேதிக் கடைசி ஓட்டம் அப்படியே இருந்தது.

ஐந்தில் மூன்று சரி. இரண்டு தப்பு.

கொடுக்கும் கணக்கின் நடுவில் காலி வரி ஒன்று வந்தால் என் ப்ரோகிராம் விழுகிறது. கொட்டாவி விடும் நேரத்தில் திருத்தக்கூடிய தப்பு. பார்த்திருந்தால்.

31 டிசம்பர்

அனுப்பாமல் இருக்கலாம். ப்ளக்-இன்னில் உள்ள பிழையை மட்டும் சொல்லி, மறுதேர்வு கேட்கலாம். ஆனால் என் சோதனைகள் ஓடின என்பதற்கு அந்த ஃபைல் ஒன்றுதான் சாட்சி. வெட்டி ஒட்டி அனுப்ப என்னால் முடியாது. முழுசாக அனுப்பினேன்.

6 ஜனவரி 2021, புதன்

பிழையைச் சுட்டியதற்கு நன்றியாம். அடுத்த பதிப்பில் சரிசெய்வார்களாம். நான் இணைத்த ஃபைலின்படி என் மதிப்பெண் மூன்று, தேவையானது நான்கு, எனவே விண்ணப்பம் முடிக்கப்பட்டதாம்.

போங்கடா.

சின்னதுரை தேர்வாகிவிட்டான்.

10 ஜனவரி, ஞாயிறு

சின்னதுரை ஸ்வீட்டோடு வந்தான். எடுத்துக்கொள்ளவில்லை. நீயும் முதலில் மூன்றுதான், நானும் மூன்றுதான், உனக்குத் தப்பைக் காட்டினார்கள், எனக்குக் காட்டவில்லை, வேறென்ன வித்தியாசம் என்றேன். ஸ்வீட் டப்பாவை மூடினான்.

“அத்தத்தான்டா நாங்க ரோட்ல குந்திகினு கேக்கறோம்” என்றான். “நீ திறம, திறமன்னு எனுக்கு கிளாஸ் எட்த்துகினு இருந்த.”

நீ கேட்கும் பங்கில் என் தெருவுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். அவன் போன பிறகுதான் தோன்றியது.

1 பிப்ரவரி

பாயிடம் சரி என்று சொல்லிவிட்டேன்.

14 மார்ச், ஞாயிறு

செலினாவுக்கு அதே கம்பெனி, அதே தேர்வு. ப்ளக்-இன் புதிய பதிப்பு. பெயரில் இடைவெளி இருந்தாலும் இனி வேலை செய்யும் என்று குறிப்பு போட்டிருக்கிறார்கள். யார் சொன்னது என்று போடவில்லை. ‘செலினா எஸ்’ என்றே ஃபோல்டர் திறந்தாள்.

நான் கதவருகில் நின்றிருந்தேன்.

“அண்ணா, செவப்பா வந்துகினு கீது” என்றாள், அழும் குரலில்.

“வருதுல்ல. படி. பட்சிட்டு திருத்து.”

எனக்கு வயிறு எரிந்தது. தங்கச்சிதான். இருந்தாலும் எரிந்தது. அவள் குனிந்து தட்ட ஆரம்பித்தாள். நான் கடை திறக்கக் கிளம்பிவிட்டேன்.