விஜிலா சொன்ன நேர்ச்சை

மாலே,
12 ஜனவரி 2025

சேசு மரி சூசை துணை

அன்பு மனைவி விஜிலாவுக்கு,

நான் சுகம். எங்கள் தோணியில் வந்த வெங்காயமும் செங்கல்லும் இறங்க இன்னும் ஐந்து நாள் ஆகும். அப்புறமும் மே வரை இங்கேயேதான் சரக்கு ஓட்டம். போனில் பேசினால் தோணியில் இருக்கும் எட்டுப் பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அதனால்தான் ஊருக்குத் திரும்பும் காசிலிங்கம் கையில் இந்தக் கடிதம்.

போன ஜூனில் நான் வீட்டுக்கு வந்த அன்றைக்கே, "முடக்குவாதம் குணமாகணும்னு மாதாவுக்கு நேர்ந்திருக்கேன், ஒரு வருசம் நாம தனித்தனியாத்தான் படுக்கணும்" என்றாய். நான் மறுபேச்சு பேசவில்லை. தோணி ஓடாத அந்த மூன்று மாதமும் மொட்டைமாடியில் படுத்தேன். இப்போது உன் விரல் வீக்கம் குறைந்திருப்பதாக நம் ஸ்டெபி சொன்னாள். ஆகையால் இன்னும் ஒரு வருடம் சேர்த்து நானே நேர்ந்துவிட்டேன். தாடியும் வளர்க்கிறேன். தோணியை ஓட்டும் தண்டல் அண்ணாச்சி விவரம் கேட்டார், சொன்னேன். "ஏலே, நீதாம்லே மனுசன்" என்றார்.

ஒரு குறை மட்டும். புறப்படும்போது படகுத்துறையில் உன் கையைப் பிடித்தேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாய். கையைப் பிடிப்பதுமா நேர்ச்சையில் சேர்த்தி?

மாதா அனுமதிக்கும் அளவு அன்புடன்,
ரெக்சன்


தூத்துக்குடி,
3 பிப்ரவரி 2025

ஸ்டெபி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளலாம் என்றால் கையைத் தூக்க முடியவில்லை. யார் உங்களை நேரச் சொன்னது? அதைத் தண்டலிடம் வேறு சொல்லியாயிற்று. இனி அவர் பெண்சாதி பூசைக்கு வரும்போது மாதா சுரூபத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கும்பிடுவாள்.

நேர்ச்சையே கிடையாது. நான் சொன்னது பொய்.

வலி. அவ்வளவுதான். இடுப்பு மூட்டு பிடித்துக்கொள்கிறது. உங்கள் பாரம் மணிக்கட்டில் பட்டால் உயிர் போகிறது. கண்ணும் வாயும் காய்வது மாதிரி உள்ளேயும் காய்ந்து கிடக்கிறது. இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். முடியாது என்றால், உங்களையே வேண்டாம் என்கிறேன் என்று நினைப்பீர்கள். மாதா பேரைச் சொன்னால் பேசாமல் இருப்பீர்கள் என்று சொன்னேன்.

மூன்று வருடமாக டாக்டர்கள் என் விரலை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கிறார்கள். தலை சீவ முடிகிறதா, சட்டைப் பொத்தான் போட முடிகிறதா என்று கேட்கிறார்கள். இதை ஒருத்தரும் கேட்கவில்லை. வெட்கத்தை விட்டு நானே கேட்டதற்கு ஒருவர், "முப்பத்தெட்டு வயசாச்சுல்லாம்மா, இனி எதுக்கு?" என்றார். உங்கள் அம்மா மூட்டுவலிக்குப் பூண்டுக் குழம்பு வைக்கச் சொல்கிறார்கள்.

புதிதாக வந்த டாக்டர் ஷீஜாதான் கதவைச் சாத்திவிட்டு, தானாகவே கேட்டாள். இந்த நோய் உள்ள பெண்களில் நிறையப் பேர் இப்படித்தான் வாயைத் திறக்காமல் இருக்கிறார்களாம். தடவிக்கொள்ள ஜெல், முன்னதாக ஒரு வலி மாத்திரை, வெந்நீர்க் குளியல், தலையணையை அண்டைக் கொடுத்து ஒருக்களித்துப் படுப்பது, எல்லாம் சொன்னாள். "வீட்டுக்காரர்ட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். இப்போது சொல்லிவிட்டேன்.

ஆசை போகவில்லை. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் போகவில்லை.

தாடியை எடுங்கள்.

விஜிலா


மாலே,
22 பிப்ரவரி 2025

விஜிலா,

மாதா பேரைச் சொல்லிப் பொய். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நேர்ச்சை ஒரு சாக்கு, என் மேல் அடிக்கும் டீசல் வாடை உனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். ஊரில் இருந்தபோது ஒரு நாளைக்கு மூன்று தடவை குளித்தேனே, கவனித்தாயா? படகுத்துறையில் கையை இழுத்ததும் அதுதான் என்று முடிவு கட்டினேன். அந்த இரண்டாவது வருடத்தை உன் விரலுக்காக நேரவில்லை. இந்த ஜூனிலும் நீ வேண்டாம் என்று சொல்லி, அதை நான் கேட்க வேண்டாம் என்றுதான் நேர்ந்தேன். மாதாவை இழுத்தது நீ மட்டும் இல்லை.

வலிக்கிறது என்று ஒரு வார்த்தை. நான் என்ன மிருகமா? இரண்டு வருடம் நீ பல்லைக் கடித்ததை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

ஆனால் நான் நேர்ந்தது நேர்ந்ததுதான். அடுத்த வருடம் ஜூன் வரை இருக்கிறது. என்ன செய்வது என்று நீயே சொல்.

ரெக்சன்


தூத்துக்குடி,
9 மார்ச் 2025

அன்பு ஸ்டெபி அப்பாவுக்கு,

மாதா கோவில் சாமியாரிடம் போனேன். என் பொய்க்குப் பரிகாரம் மூன்று ஜெபமாலை. உங்கள் நேர்ச்சையைக் கேட்டதும் சிரித்துவிட்டார். பெண்சாதி சம்மதம் இல்லாமல் புருசன் மட்டும் இப்படி நேர்ந்தால் செல்லாதாம். தாடி வேண்டுமானால் இருக்கலாமாம். வேண்டாம், குத்தும்.

ஜெல் வாங்க நானே மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி அதைத் தாளில் சுற்றி, மேலே இன்னொரு தாள் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். கல்யாணமாகிப் பதினாறு வருடம் ஆன பொம்பளைக்கு இந்த மரியாதை.

எல்லாம் சரியாகிவிடும் என்று ஷீஜா சொல்லவில்லை. சில நாள் முடியும், சில நாள் முடியாது. முடியாத நாளில் முடியாது என்றே சொல்வேன். அன்றைக்கு நீங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு மாடிக்குப் போனால் எனக்குக் கெட்ட கோபம் வரும். பக்கத்திலேயே படுங்கள்.

டீசல் வாடை எனக்குப் பழகிவிட்டது. படகுத்துறையில் நீங்கள் விரலை நெரித்தீர்கள், அதனால் இழுத்தேன். இந்த ஒரு கடிதம் எழுத எனக்கு நாலு நாள் ஆனது. மே மாதம் வந்து இறங்கும்போது மணிக்கட்டுக்கு மேலே பிடியுங்கள், மெதுவாக. தண்டல் பார்த்தால் பார்க்கட்டும்.

உங்கள்
விஜிலா