ஆன்டெனாவில் சிக்கிய முள்

வியாழன், இரவு.

பயிற்சி விமானம் இன்றும் பறக்கும்போது ராடாரிலிருந்து மறைந்துவிட்டது. "ராடாருக்குப் பதில் அனுப்புற டிரான்ஸ்பாண்டர் பொட்டி பழசு மேடம், மாத்திடுங்க," என்றார் பயிற்சியாளர் தினேஷ். கழற்றிச் சோதித்தேன். பெட்டியில் குறையில்லை.

விமானத்துக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். அந்தப் பெட்டியின் ஆன்டெனா அடியில் விரிசல் விட்டிருந்தது. சுற்றிலும் புதுப் பெயின்ட். விரிசலில் ஒரு கருவேல முள். ஓடுபாதையில் ஏது கருவேலம்? விமானம் அதற்கு வெளியே புதருக்குள் போயிருக்கிறது.

"வண்டி புதர்ல இறங்குச்சா சார்?"

"எனக்கு இன்னா தெரியும்? நம்மகிட்ட படிக்கிற குடியாத்தம் பொண்ணு நாளைக்கு இதுல மொத தடவ தனியா பறக்குது. ஆன்டெனாவ மட்டும் மாத்துங்க."

அந்த 'மட்டும்'தான் உறுத்துகிறது. புதரில் இறங்கியிருந்தால் சக்கரத் தண்டும் விரிசல் விட்டிருக்கலாம்; அதை நான் இன்னும் பார்க்கவில்லை. அதுவரை யாரும் விமானத்தை எடுக்கக் கூடாதென்று ஹேங்கரை, விமானக் கொட்டகையை, பூட்டிச் சாவியை எடுத்து வந்துவிட்டேன். அதற்கு இன்னொரு சாவியும் உண்டு; அது யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை.