கடைசிச் சுற்றில் கேட்ட டீ

என்னங்க,

நேற்று டிவி முன்னால் சோபாவில் நீங்களும் உங்கள் தம்பியும் இருந்தீர்கள். நாற்காலியில் மாமா, தரையில் மாடி வீட்டு எலக்ட்ரீஷியன். நான் சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றேன். பகல் முழுக்க ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நின்ற கால், கார் பந்தயத்துக்கும் நின்றது. மஞ்சள் கார் ஒவ்வொரு காராக முந்திக்கொண்டு வந்ததில் வலிகூட மறந்துவிட்டது.

கடைசிச் சுற்றில், "எல்லாருக்கும் டீ போடேன்" என்றீர்கள். போனேன். வீடே அதிரக் கத்தினீர்கள். பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து, "எப்படி முந்தினான்?" என்று கேட்டேன்.

"அண்ணிக்கு எதுக்கு கார் கதையெல்லாம், டீ எங்க?" என்றார் உங்கள் தம்பி. நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். ராத்திரி நான் பேசாமல் படுத்தது அதற்குத்தான். தலைவலி என்றது சும்மா.

குழம்பு ஃபிரிட்ஜில் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். குழாய் ரிப்பேர்காரர் வருவார். வெளியே போனால் சாவியை மாடி வீட்டில் கொடுங்கள்.

போனில் பார்த்துக்கோ என்று மட்டும் சொல்லாதீர்கள். சாயங்காலம் நான் வந்து காலை நீட்டி உட்கார்ந்ததும் நீங்கள் சொல்ல வேண்டும். எந்த வளைவில், எந்தப் பக்கமாக முந்தினான், நீலக் கார்காரன் என்ன செய்தான், எல்லாம். நேற்றுக் கத்தியது போலவே கத்திச் சொல்லுங்கள்.

பி.கு.: டீயும் நீங்களே போடுங்கள்.

இன்னொன்று: அடுத்த பந்தயத்துக்கு சோபாவில் எனக்கு இடம் வேண்டும்.

இந்தக் கடிதத்தை மேஜையில் வைத்தால் உங்கள் தம்பி படித்து ஊரைக் கூட்டுவார். "வீட்டுக்குள்ளயே தபாலாம்மா?" என்கிறார் மாமா. உறையை ஒட்டி, அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.