விளக்கு அணையாத கொட்டகை

என் டீச்சரம்மாவுக்கு,

நலமாகத்தான் இருக்கிறேன். கோழிகள் ஓயாமல் தின்ன வேண்டுமென்று இந்த ஜன்னலில்லாத கொட்டகையில் முதலாளி விளக்கை அணைப்பதே இல்லை. சுவிட்ச் வெளியே, என் கட்டில் உள்ளே.

ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளிடம் நீ சொல்வாயே: "உலகத்தைப் படைச்சப்ப கடவுள் முதல் நாளையே சாயங்காலத்துலதான் ஆரம்பிச்சாருன்னு பைபிள்ல இருக்கு. முதல்ல தூக்கம், அப்புறந்தான் வேலை." சோம்பேறிக்குத் தோதான கடவுள் என்று கிண்டல் செய்வேன். எனக்கு இங்கே முதல் நாளே இன்னும் ஆரம்பிக்கவில்லை.

நேற்று கரண்ட் போனது. கோழிகளெல்லாம் அப்படியே உட்கார்ந்து தூங்கிவிட்டன. எனக்கும் கண்ணைச் சொருகியது. ஆனால் இருட்டில் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று கதவைத் தள்ளிப் பார்த்தேன். வெளியே பூட்டியிருந்தது. அதற்குள் விளக்கு வந்துவிட்டது.

அப்பா எப்போது வருவார் என்று நம் மகள் கேட்டால், ராத்திரி ஆனதும் வருவார் என்று சொல்.

இப்படிக்கு,
உன் தூங்குமூஞ்சி