மாடி வீட்டுக்கு ஐந்து பேர்

கோவில்பட்டி
12-9-1999

அன்பு மகன் மாதவனுக்கு அம்மா எழுதுவது. செண்பகவல்லி அம்மன் புண்ணியத்தில் இங்கு எனக்கு முட்டுவலியைத் தவிர ஒரு குறையும் இல்லை, நாக்பூரில் நீயும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பேத்தி வகுப்பில் முதலாவதாக வந்ததைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன், எதிர்வீட்டு இசக்கியம்மாளிடம் மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.

அவளைப் பற்றித்தான் எழுத வேண்டும். மாடிக்குக் குடிவைக்க ஆள் பார்க்கும்போது என்ன ஆளுக, என்ன சாதி என்று கேட்காதே, என்ன வேலை, எத்தனை பேர் என்று மட்டும் எல்லாரிடமும் ஒன்றுபோலக் கேள் என்று நீ எழுதியபடிதான் நடக்கிறேன். வாடகைக்கு விடுவது இரண்டு அறை, தண்ணீர் வருவதோ வாரத்துக்கு ஒருநாள், அதனால் நாலு பேருக்கு மேல் கிடையாது என்று எல்லாருக்கும் ஒரே பேச்சு. சித்திரையில் வந்த கண்டக்டர் சங்கரபாண்டி குடும்பத்தை ஐந்து பேர் என்பதால் அனுப்பிவிட்டேன். அவர்கள் படி இறங்குமுன்னே இசக்கியம்மாள் என்னைக் காட்டி, ஏட்டி இங்கன வா, இந்த ஆவுடை ரேசன் கடைக்காரி மாதிரி தலையை எண்ணுவா, நான் எண்ண மாட்டேன் என்று கூப்பிட்டுத் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். இப்போது கண்டக்டர் பெண்டாட்டி முத்துசெல்விதான் அவளைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறாள், கறி எடுத்தால் கிண்ணத்தில் கொண்டு கொடுக்கிறாள். எங்க முத்துசெல்வி இல்லாட்டா எனக்குக் கை ஓடாது என்று என் காது கேட்கச் சொல்லுகிறாள். எனக்கு வயிறு எரியாதா, நியாயமாக நடந்தவளுக்குப் பூட்டின மாடி, ஒன்றும் கேட்காதவளுக்கு மகள் மாதிரி ஒருத்தியா. தண்ணீருக்காவது அங்கே சண்டை வரும் என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை.

போன வாரம் புதியம்புத்தூரிலிருந்து தையல்காரர் மந்திரமூர்த்தியும் பெண்டாட்டி சீனித்தாயும் இரண்டு பிள்ளைகளோடு வந்தார்கள், இங்கு கடை போடப் போகிறார்களாம். நாலு பேர்தானே என்று எனக்கு வாயெல்லாம் பல். சீனித்தாய்தான், எங்க மாமியாரும் உண்டும்மா, நாலுன்னு சொல்லி வந்துட்டுப் பொறவு அவியள எங்க ஒளிக்க என்றாள். மாட்டேன் என்றுதான் சொன்னேன். எதிரே இசக்கியம்மாள் கேட்டைத் திறந்துகொண்டு நிற்கிறாள், அவள் பின்கட்டு வேறு காலியாக இருக்கிறது. பொறுக்கவில்லை மாதவா. பாதிப் படியில் கூப்பிட்டு நிறுத்தி, நீ வந்தால் படுக்க என்று பூட்டி வைத்திருந்த மூன்றாவது அறையைத் திறந்து கொடுத்துவிட்டேன். உன் கட்டிலைக் கீழே இறக்கியாகிவிட்டது, அவர்களும் மாமியாரோடு குடி வந்துவிட்டார்கள். இனி மூன்று அறை, ஐந்து பேர், யார் வந்தாலும் அதுதான். என்னை வையாதே.

இதிலும் எனக்கு ஆறவில்லை. அந்தப் பிள்ளைகள் ஆச்சி ஆச்சி என்று சீனித்தாயின் மாமியாரையே சுற்றுகின்றன, நான் அவர்களுக்கு வெறும் வீட்டுக்காரம்மாள். நேற்று காரச்சேவு வாங்கி வைத்துக் கூப்பிட்டேன், வாங்கிக்கொண்டு மாடிக்கு ஓடி அந்தக் கிழவி வாயில் ஊட்டுகின்றன. தீபாவளிக்கு என் பேரப்பிள்ளைகளைக் கூட்டி வா, அந்தக் கிழவியும் பார்க்கட்டும்.

நீங்கள் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். வேலை வேலை என்று நேரத்துக்குச் சாப்பிடாமல் இருக்காதே. மறக்காமல் ஒன்று, அந்த அறையின் இன்னொரு சாவி உன்னிடம் இருக்கிறது, வரும்போது கொண்டு வா, சீனித்தாயிடம் கொடுத்துவிட வேண்டும். குடியிருக்கிறவர்கள் அறைக்கு நம் கையில் சாவி இருப்பது சரியில்லை. நீ கீழே என் பக்கத்தில் படுத்துக்கொள்.

உன் அம்மா
ஆவுடைத்தாய்